செத்தவீட்டுக் கமரா பிறை பார்த்த கதை

இணுவில் பரமலிங்கத்தின் மகன் பஞ்சலிங்கத்தின் வாழ்க்கை வரலாறு பதினேழு வயதோடு நிற்கிறது. அதற்கு மேல் அவன் இன்னும் வாழவில்லை. அந்தப் பதினேழிலும் முதல் பதின்மூன்றை எழுதி ஒருவருக்கும் பயனில்லை. எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்து மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்து, முழுப் பள்ளிக்கூடத்தையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினான். அடுத்த நாள் தலைமை வாத்தியார் அவனை மட்டும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். அந்த விடுமுறை இன்னும் முடியவில்லை.

பிறகு பட்டணத்தில் ஒரு படக்கடையில் மூன்று மாதம் பிளேட்டுக் கழுவினான். பிளேட்டு என்பது கமராவுக்குள் வைக்கிற, ஒரு பக்கம் மருந்து பூசிய கண்ணாடி. கடைக்காரர் புதுக் கமரா வாங்கியபோது பழையதை இவனிடம் தந்து, "கொண்டு போ. நீயும் அதுவும் ஒரே நேரத்திலை இங்கையிருந்து போனால் எனக்குச் சந்தோசம்" என்றார். முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒரு பெட்டி, நடுவில் ஆர்மோனியம் மாதிரி மடிப்புத் தோல். அமத்த விசை ஒன்றும் இல்லை. வில்லையின் மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மூட வேண்டும். வெயிலில் ஒன்று, நிழலில் ஐந்து, வீட்டுக்குள் முப்பது.

முப்பது எண்ணும் வரை அசையாமல் இருக்கக்கூடியவர்கள் இணுவிலில் ஒரு வகையினர்தான். அவர்களைப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டும் இருந்தார்கள். பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பட்டு உடுத்தி, உறவினர் சுற்றி நிற்க ஒரு படம் எடுத்து மலாயாவில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவது வழக்கமாகி வந்தது. பஞ்சலிங்கத்தின் படங்களில் சுற்றி நிற்கிற இருபது பேரும் புகை மாதிரி இருப்பார்கள். நடுவில் கிடக்கிறவர் மட்டும் திருநீற்றுக் குறி மூன்றும் தனித்தனியாகத் தெரிய அம்சமாக இருப்பார். "பார்த்தால் அவர்தான் உயிரோடை இருக்கிறார், மற்றதெல்லாம் ஆவி" என்று யாரோ ஒரு செத்தவீட்டில் சொல்ல, பிணத்தைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் 'பிரேதப் பஞ்சன்'. அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பெயர் இல்லாத வேலையை விடப் பெயரோடு ஒரு வேலை நல்லதுதானே.

அந்தப் பெருமைக்கு ஆபத்து முப்பத்தாறாம் ஆண்டு பங்குனியில் வந்தது. அக்கா குணலட்சுமிக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை செல்வநாயகம் மலாயாவில் ஈப்போவில் ரயில்வே கிளாக்கர். ஆவணியில் வந்து தாலி கட்டிவிட்டு, பத்தாம் நாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவார். போனால் ஐந்து வருடமோ எட்டு வருடமோ.

அக்காவின் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. எடுத்துப் பார்க்காமல் இல்லை. மாமர நிழலில் இருத்தி ஐந்து எண்ணுவதற்குள் அவள் மூன்று தரம் சிரித்தாள். பிளேட்டில் ஒரு மூக்கும் மூன்று வாயும் விழுந்தன. அம்மா தங்கமுத்து அதைக் கண்டு பயந்து, "தாலி ஏறுமட்டும் அவளை உந்தச் செத்தவீட்டுப் பெட்டிக்கு முன்னாலை இருத்தினியோ, முறிப்பன்" என்று சொல்லிவிட்டாள். எதை முறிப்பாள் என்று சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

"சரி, கலியாணத்தண்டு எடுப்பம்" என்றான் பஞ்சலிங்கம்.

"எடடா எடு. நான் கப்பலேறினாப் பிறகு அம்மா என்ரை முகத்தை எங்கை பார்க்கிறது? உன்ரை மூஞ்சியிலையோ?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனவள் கொஞ்சம் கூடுதலாகவே ஊதினாள்.

கலியாணப் பேச்சுக்கு உரும்பிராயிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் கனகசபாபதி வந்தார். அவரைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் மாடுகூடக் கன்று போடாது. வந்தவரின் கண் மூலையில் இருந்த பெட்டியில் விழுந்தது.

"உது என்ன?"

"கமரா, மாமா."

"செத்தவீட்டுப் படங்கள் எடுக்கிற பொடியன் நீதானோ?"

"ஓம் மாமா. அக்காவின்ரை கலியாணத்துக்கும் நான்தான் எடுக்கப்போறன்."

வெற்றிலைத் தட்டு நீட்டின அப்பு பரமலிங்கத்தின் கை அப்படியே நின்றது. கனகசபாபதி பாக்கை வாயில் போட்டு, கடித்து, ஓரமாக ஒதுக்கி, பிறகுதான் கதைத்தார்.

"தம்பி, எங்கடை குடும்பத்திலை கலியாணத்துக்குப் படம் எடுத்த வழக்கமில்லை. எடுக்கிறதெண்டாலும் உந்தப் பெட்டியாலையோ? உது பிறந்தநாள் தொடக்கம் பார்த்ததெல்லாம் பாடை. ஒரு மங்களமான பொருளைத் தன்னும் பார்த்திருக்கோ?"

"பார்க்கும் மாமா."

"என்னத்தைப் பார்க்கும்?"

பஞ்சலிங்கத்தின் வாய் எப்போதும் அவனுக்கு இரண்டு அடி முன்னாலேயே போகிற வாய். "மூண்டாம் பிறையைப் பார்க்கும். படமாய்க் கொண்டுவந்து உங்கடை கையிலை தாறன்."

கனகசபாபதி சிரித்தார். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலையில் மேற்கே தெரிகிற பிறையை ஊரே தலைக்குமேல் கைகூப்பிக் கும்பிடும். அதன் கொம்பு பார்த்துப் பலன் சொல்வதில் உரும்பிராயில் அவரை வெல்ல ஆளில்லை. வடக்குக் கொம்பு உயர்ந்திருந்தால் செழிப்பு, தெற்குக் கொம்பு உயர்ந்திருந்தால் கெடுதல். அவர் வாயைப் பார்த்துத்தான் பாதி ஊர் வெங்காயம் நடும்.

"கொண்டு வா, பார்ப்பம். மூண்டாம் பிறை பார்த்த கமராவெண்டால் நானே கையைப் பிடிச்சுப் பந்தலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறன்."

அந்த மாதப் பிறையையே எடுத்தான். பிளேட்டை மருந்தில் கழுவிப் பார்த்தால், வெறும் கண்ணாடியில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அக்கா அதை விளக்கில் பிடித்துப் பார்த்து, "பிறை எது, நீ கழுவின வடிவிலை வந்த அழுக்கு எது?" என்று கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை.

வழி காட்டியது வழக்கம்போல ஒரு செத்தவீடுதான். குருநகரில் தோணிக்காரர் சிமியோனின் தாயார் தொண்ணூறு வயதில் காலமாகி, பஞ்சலிங்கம் போய்ப் படம் எடுத்துக் கொடுத்தான். சிமியோன் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, மனிசி உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் இவ்வளவு அடக்கமாய் இருந்ததில்லை. உனக்கு என்ன வேணும், கேள்."

சுவரில் பித்தளைத் தூரக்கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடலில் தூரத்துக் கரை பார்க்கிற குழாய். ஒன்றுக்குள் ஒன்றாக இழுபடும். அவன் அதை எடுத்து வாசலில் நின்று பார்த்தான். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்த ஒரு வள்ளத்தில் ஒருவன் முதுகு சொறிவது தெரிந்தது. அப்போதுதான் அந்த அரைகுறைப் படிப்பு மண்டையில் ஒன்று உதித்தது. என் கண் இருக்கிற இடத்தில் கமராவின் கண்ணை வைத்தால் என்ன?

"இதை நாலு மாதத்துக்குத் தாருங்கோ அண்ணை. பிறையைப் படம் எடுக்கவேணும்."

"நிலவைப் பார்க்க ஆரடா கண்ணாடி தேடுறது? அண்ணாந்தால் தெரியுது" என்றார் சிமியோன். ஆனால் தோணி பழுது பார்க்கக் கரையேற்றிக் கிடந்தது. தந்துவிட்டார். "உடைச்சியெண்டால் அடுத்த செத்தவீட்டுப் படம் உன்ரைதான். அதை ஆர் எடுக்கிறதெண்டு இப்பவே யோசிச்சு வை."

கமராவையும் தூரக்கண்ணாடியையும் சேர்ப்பது கலியாணம் பேசுவதை விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டின் மூக்கும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அரை விரல் விலகினாலும் பிறைக்குப் பதிலாக இருட்டு. நடுவில் வெளிச்சம் புகக்கூடாது. இரண்டு பக்கமும் வெட்டிய பால்டின்னை இடையில் செருகி, சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இறுக்கி, தேன்மெழுகில் விளக்குக் கரி குழைத்துப் பூசினான். மேலே சுற்றக் கறுப்புத் துணி வேண்டும். அப்புவின் குடையில் ஒரு கீற்று வெட்டினான். அடுத்த மழைக்குக் குடை விரித்த அப்பு அண்ணாந்து பார்த்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அவர் அப்படித்தான். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டையும் ஒரே பனம்பலகையில் வரிந்து கட்டினான். மூடி இனிக் குழாயின் முன்வாய்க்கு. கமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் முதலில் மூலையில் ஒரு வெளிச்ச வட்டம்தான் தெரிந்தது. தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளை அடியில் செருகிச் செருகி அதை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு நாள். மூன்றாம் நாள் கோயில் கலசத்துக்கு நேரே பிடித்தான். கலசம் துல்லியமாகத் தெரிந்தது, கமராவில் எல்லாம் தெரிவதுபோலத் தலைகீழாக. எட்டிப் பார்த்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கோயிலைக் கவிட்டுப் போட்டியே பாவி!" படம் வரும்போது நிமிர்ந்துவிடும் என்று விளக்கினான். "முதல்லை நீ நிமிர்" என்றாள் அம்மா.

சித்திரைப் பிறைக்குப் பலகையை வேலியில் நட்ட கதியால் தடியில் கட்டி, பழக்கதோஷத்தில் முப்பது எண்ணினான். பிணம் காத்திருக்கும். நிலவு காத்திருக்கவில்லை. குழாய்க்குள் அது பெரிதாகத் தெரிவதுபோல அதன் நடையும் பெரிதாகிவிட்டது. பிளேட்டில் விழுந்தது பிறை இல்லை, நல்ல கொழுத்த பலாக்கொட்டை. அதிகம் போனால் நாலு எண்ணலாம் என்று அன்றைக்குப் படித்தான். ஒரு மாதத்துக்கு ஒரு பாடம். பள்ளிக்கூடத்தைவிட வேகம்தான்.

வைகாசியில், தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கதியால் ஆடியது. மாடு அவிழ்த்த வண்டியின் ஏர்க்காலில் பலகையைக் கட்டினான். ஏர்க்காலை உயர்த்திப் பதித்து எந்த உயரத்துக்கும் பிடிக்கலாம். காற்றில் வண்டி ஆடாமல் இருக்கப் பாரம் வேண்டுமே என்று அம்மாவை ஏற்றி இருத்தினான். அம்மாவும் கதைக்காமல், மூச்சையும் சிக்கனமாக விட்டுக்கொண்டு இருந்தாள். பொழுதுபட்டு, பனைகளுக்கு மேலே பிறை தெரிந்தது. மூடியைக் கழற்றினான். ஒன்று. இரண்டு.

"சிவசிவா!" என்று அம்மா எழும்பி நின்று, தலைக்குமேல் கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

பிளேட்டில் இரண்டு பிறைகள் கொம்போடு கொம்பு முட்டிக்கொண்டு நின்றன.

"ஏனணை எழும்பினனீங்கள்?"

"மூண்டாம் பிறையைக் கண்டிட்டு இருக்கச் சொல்லுறியோ? உன்ரை படத்துக்காக நான் நரகத்துக்குப் போறதோ?"

ஆனிப் பிறைதான் கடைசி வாய்ப்பு. அதற்கடுத்த ஆடிக் காற்றை அவன் நம்பவில்லை. இந்தமுறை அம்மாவுக்குப் பதிலாக வெங்காயச் சாக்குகள். அவற்றுக்குப் பக்தி இல்லை. காற்றுக்கு மறைப்பாக இரண்டு பக்கமும் தென்னோலைக் கிடுகு. மத்தியானமே அறையைப் பூட்டி, இருட்டில் பிளேட்டை வெளிச்சம் புகாத அதன் கூட்டுக்குள் ஏற்றினான். இருட்டில் மருந்து பூசிய பக்கம் எது என்று அறிய ஒரு வழி உண்டு. கண்ணாடியின் ஒரு மூலையை உதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுகிற பக்கம்தான் மருந்து. அதைத்தான் வில்லையைப் பார்க்க வைக்க வேண்டும். அவன் வைத்துப் பார்த்தான். ஒட்டியது. வைத்தான்.

அன்று பிறை எழுதி வைத்ததுபோல இருந்தது. வடக்குக் கொம்பு நன்றாக உயர்ந்த பிறை. ஊரெல்லாம் படலை வாசலில் நின்று கும்பிட்டுச் சந்தோசப்பட்டது. நாலு எண்ணினான். வெங்காயம் அசையவில்லை. பிளேட்டைக் கழுவியபோது, சிவப்புத் துணி சுற்றிய விளக்கடியில், கட்டைவிரல் நகமளவு பிறை கோடு பிசகாமல் வந்தது. விளிம்பு கொஞ்சம் மங்கல்தான். பஞ்சலிங்கம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தான். அந்தச் சந்தோசத்தில் அவன் கொம்பைப் பார்க்கவில்லை. அச்சடித்துக் காய்ந்ததும் காயாததுமாகச் சைக்கிளில் உரும்பிராய்க்குப் பறந்தான்.

கனகசபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். முதலில் அவர் முகத்தில் ஒரு வியப்பு வந்தது. அவன் அதைத் தன் கண்ணால் பார்த்தான். பிறகு அது போய்விட்டது.

"எந்த மாதப் பிறை இது?"

"இந்த மாதம், மாமா. நேற்றையான்."

"நேற்றையான் பிறை நானும் பார்த்தனான். ஊரும் பார்த்தது. வடக்குக் கொம்பு உயர்ந்திருந்தது." விரலைப் படத்தில் வைத்தார். "இதிலை தெற்குக் கொம்பு தூக்கிக்கொண்டு நிக்குது."

பஞ்சலிங்கம் பார்த்தான். நின்றது. படத்தைக் கவிழ்த்தால் பிறையே கவிழ்ந்தது. எப்படிப் பிடித்தாலும் தெற்குத்தான். அப்போது அவனுக்கு நேற்று மத்தியானம் ஞாபகம் வந்தது. பிளேட்டு ஏற்றப் போவதற்கு முன் பன்னிரண்டு சுளை பலாப்பழம் தின்றிருந்தான். எண்ணெய் தடவிக் கையைக் கழுவியவன் வாயைக் கழுவவில்லை. உதட்டில் அவ்வளவு பால். அந்த வாய்க்குக் கண்ணாடியின் எந்தப் பக்கம்தான் ஒட்டாது? கதவுகூட ஒட்டியிருக்கும்.

"மாமா, நான் பிளேட்டைப் புறம்மாறிப் போட்டிட்டன். அதாலை இடம் வலம் மாறிப் போச்சு. கண்ணாடியைத் திருப்பி வைச்சு அச்சடிச்சால் வடக்கு உயரும். பலாப்பழம் திண்டதாலை..."

"பலாப்பழம்?"

"ஓம் மாமா. உதட்டிலை பால்..."

அவனுக்கே அது பொய் மாதிரி இருந்தது. நாலு வருடமாக ஊருக்குப் பொய் சொல்லிப் பழகியவன், உண்மை சொல்லும்போது அதற்கு முகத்தை எப்படி வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

கனகசபாபதி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். படத்தைத் திருப்பித் தந்தார். "தம்பி, திருப்பினால் நல்லது, திருப்பாவிட்டால் கெட்டதெண்டால், அது பிறை இல்லை, உன்ரை விளையாட்டு. ஊருக்கு நல்லதாய்த் தெரிஞ்ச பிறை உந்தப் பெட்டிக்குள்ளை போய்க் கெட்டதாய் வருகுது. உன்ரை அக்காவும் எங்கடை பொடியனும் அதுக்குள்ளை போய்க் கெட்டதாய் வரவேண்டாம். உது படலைக்கு வெளியிலை நிக்கட்டும்."

வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அக்கா வாசலில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள், படத்தை வாங்கிப் பார்த்தாள். "வடிவாய்த்தானே இருக்கு" என்றாள். கொம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேலியாவது பண்ணியிருக்கலாம்.

ஆடி முழுக்க அவன் கெட்ட பிள்ளையாக இல்லை. அதைக் கண்டு அம்மா பயந்து கோயிலில் அருச்சனை செய்தாள். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். படலைக்கு வெளியில் நிற்கட்டும் என்றுதான் சொன்னார். எவ்வளவு தூரம் வெளியில் என்று சொல்லவில்லை. தூரம் என்பது சிமியோனின் குழாய்க்கு ஒரு பொருட்டா?

ஆனால் யாழ்ப்பாணத்து வேலி என்ன சாதாரண வேலியா? ஆளுயரத்துக்கு மேல் கிடுகு. அதோடு, தாலி கட்டும்போது மணவறையைச் சுற்றி நிற்கிற முதுகுகளைத் துளைத்துப் பார்க்க எந்தக் கண்ணாடியும் கிடையாது. ஏதாவது ஒரு நேரம் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெளிச்சத்துக்கு வந்து, மூன்று எண்ணும் வரை சும்மா நிற்க வேண்டும். அப்படி ஒரு நேரம் கலியாணத்தில் உண்டா? ஆட்கள் அசையாமல் நிற்பதைப் பற்றி அவனை விட அறிந்தவர் இல்லை. யோசித்து யோசித்து, ஒருநாள் கோயில் ஐயரிடம் பக்தியாகப் போய் நின்றான்.

"ஐயா, அம்மி மிதிச்சாப் பிறகு அருந்ததி காட்டுவியளெல்லோ. எந்தப் பக்கம் பார்த்துக் காட்டுறது?"

"வடக்குப் பக்கம்."

"முற்றத்துக்கு இறங்கியோ?"

"வேறை? பந்தலுக்குள்ளை நட்சத்திரம் தெரியுமே?"

பகல் பத்து மணிக்கு முற்றத்தில் மட்டும் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினான். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு இவ்வளவு அக்கறை இல்லை" என்று ஐயர் திருநீறு பூசிவிட்டார். குற்றவுணர்ச்சியில் அவன் கோயிலை மூன்று தரம் சுற்றினான்.

கலியாணத்துக்கு முதல்நாள் வடக்கு வேலியில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு கிடுகை அகற்றிப் பொட்டு, அதாவது வேலி ஓட்டை, வைத்தான். வேலிக்கு அப்பால் மிளகாய்த் தோட்டம். அறுபது பாகம், அதாவது முந்நூற்றறுபது அடி, தள்ளி வண்டியை நிறுத்தி, ஏர்க்காலைப் பதித்து, குழாயைப் பொட்டுக்கு நேரே பிடித்து, முற்றத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி அதில் தெளிவு பார்த்தான். வட்டத்துக்குள் இரண்டு பேர் நிற்கலாம், பக்கத்தில் அரை ஆள். மூடியை மட்டும் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. பிளேட்டு ஏற்றுமுன் வாயைப் புளி போட்டுக் கழுவினான். பிறகு இரண்டு பக்கத்தையும் நாலு நாலு தரம் உதட்டில் வைத்துப் பார்த்தான்.

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளைத் தோழனாகப் படலையில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். மாப்பிள்ளை பதிலுக்கு அவன் விரலில் மோதிரம் போட்டார். மெலிந்த, பயந்த மனிதர். மலாயாவில் ரயில்கள் இவர் சொல்லியா ஓடுகின்றன என்றிருந்தது. "படம் எடுக்கிறனீராமே?" என்று மெல்லக் கேட்டார். "எடுக்கிறதில்லை அத்தான்" என்றான். அது அந்த நிமிடத்துக்கு உண்மை.

தாலி ஏறியது. அம்மிக்கு ஆயத்தமானபோது பஞ்சலிங்கம் பந்தலில் இல்லை. புது வேட்டியோடு கொல்லைப்புற வேலி பாய்ந்து, மிளகாய்ச் செடிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். வேட்டியின் ஒரு துண்டு வேலியிலேயே நின்றுவிட்டது. கமராவுக்குப் பின்னால் குடைத்துணிக்குள் தலையைப் புதைத்தபோது மங்கல் கண்ணாடியில் முற்றம் தலைகீழாகத் தொங்கியது. குழாயை மூடி, பிளேட்டுக் கூட்டைச் செருகி, அதை மறைத்த தட்டியை இழுத்துவிட்டு, தலையை வெளியே எடுத்துக் காத்திருந்தான். பொட்டுக்குள்ளால் பட்டுச் சேலையின் சிவப்புத் தெரிந்தது. ஐயரின் கை மேலே போனது.

மூடியைக் கழற்றினான்.

ஒன்று. இரண்டு. மேளம் கேட்டது. மூன்று. மூடினான்.

அன்று பின்னேரமே, பந்தலில் கடைசிப் பந்தி நடக்கும்போது, அறைக்குள் சாக்குத் தொங்கவிட்டுப் பிளேட்டைக் கழுவினான். வட்டத்துக்குள் எல்லாம் கல்லில் வெட்டியதுபோல விழுந்திருந்தது. இல்லாத நட்சத்திரத்தைத் தேடுகிற மனிதர்போல அசையாமல் நிற்பவர் உலகத்தில் இல்லை. ஐயரின் நீட்டிய விரல். மாப்பிள்ளை வாயைக் கொஞ்சம் திறந்து அண்ணாந்தபடி. ஓரத்தில் கனகசபாபதி, கண்ணுக்குமேல் கை வைத்து, எல்லாருக்கும் முன்னால் தானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. எல்லாருடைய நாடியும் மேலே.

அக்கா மட்டும் மேலே பார்க்கவில்லை. முதல்நாள் வரை இல்லாத பொட்டு ஒன்று தன் வீட்டு வேலியில் இருந்தால் அவளுக்குத் தெரியாதா? நேரே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிச்சுட்டி, தாலிக்கொடி, மாலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு வாய்தான் இருந்தது. அதிலிருந்து நாக்கை முழுதாக வெளியே நீட்டி, மூன்று எண்ணும் வரை, ஒரு மயிரளவும் அசையாமல் வைத்திருந்தாள்.

ஒரு சுவரிலும் மாட்ட முடியாத படம். இரண்டு குடும்பத்துக்கும் காட்ட முடியாத படம். பஞ்சலிங்கம் தண்ணீர் சொட்டுகிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சாக்கு மறைப்புக்குள் நின்றான். மருந்துத் தண்ணி கண்ணில் தெறித்துவிட்டதென்று பிறகு அம்மாவிடம் சொன்னான். அது இரண்டு கண்ணிலும் தெறிக்காது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

அக்கா புறப்பட்ட அன்று, கார் படலையில் நிற்க, அவன் அவளுடைய பயணப் பெட்டியை ஏற்றும்போது மெல்லக் கேட்டாள்.

"விழுந்ததோடா?"

"விழுந்தது."

"நாக்கு?"

"நாக்குத்தான் நல்லாய் விழுந்தது."

"மாமாவுக்குக் காட்டினியோ, கப்பலாலை குதிச்சு வந்து கொல்லுவன்."

"என்ன தம்பியும் தமக்கையும் ரகசியம்?" என்று காருக்குள் இருந்து கனகசபாபதி கேட்டார்.

"ஒண்டுமில்லை மாமா. கடுதாசி போடச் சொன்னனான்."

கார் போன பிறகு அம்மா நேரே அவனிடம் வந்து கையை நீட்டினாள். "கொண்டு வா. வண்டி ரெண்டு நாளாய் மிளகாய்த் தோட்டத்திலை என்ன மேயவோ நிண்டது?"

கொடுத்தான். திட்டு விழும் என்று ஒரு பக்கமாகச் சரிந்து நின்றான். அம்மா படத்தைக் கிட்டப் பிடித்தாள், தூரப் பிடித்தாள்.

"எல்லாரும் மேலை என்னத்தைப் பார்க்கினம்?"

"அருந்ததியை."

"தெரிஞ்சதாமோ?"

"மாமாவுக்குத் தெரிஞ்சதாம்."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓம்" என்றாள். "இது அவள்தான்."

கனகசபாபதி அடிக்கடி வந்து போகிற வீடு என்பதால் அந்தப் படம் சுவருக்கு வரவில்லை. அரிசிப் பெட்டகத்தின் மூடியின் உட்பக்கத்தில் கூழ் போட்டு ஒட்டியிருக்கிறது. மூடியைத் தூக்கினால் குணலட்சுமி நாக்கை நீட்டுவாள். அம்மாவுக்கு இப்போதெல்லாம் ஒரு கொத்து அரிசி எடுக்க அரை மணித்தியாலம் ஆகிறது. அதனால் சோறு பிந்துகிறது என்று பஞ்சலிங்கம் குறை சொல்லிக்கொண்டு திரிகிறான்.